தாய் வழி வந்த வேகம்

புதுக்கோட்டைச் சீமையில் ஆவுடையார்கோயில் என்று ஓர் ஊர் இருக்கிறது. பழைய பெயர் திருப்பெருந்துறை. அந்த ஊர்க் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் அண்ணாந்து பார்ப்பது அங்கேயுள்ள கல் கொடுங்கையைத்தான். மரச் சட்டமும் குமிழ் ஆணியுமாகக் கூரை வேய்ந்தது போல, அத்தனையும் கல்லிலே இழைத்திருக்கிறார்கள். பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்த பிறகு ஒரு தூணடியில் உட்கார்ந்து, அந்தக் கோயில் எழும்பிய கதையைக் கேட்க வேண்டும். அது குதிரை வாங்கப் போன கதை.

கதை நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். அரிமர்த்தன பாண்டியன் பொக்கிஷத்திலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்து, தன் மந்திரி வாதவூரரைக் குதிரை வாங்கி வர அனுப்புகிறான். திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருநாதர் காட்சி தருகிறார். மந்திரி மாணிக்கவாசகர் ஆகிவிடுகிறார். குதிரைப் பணம் கோயில் பணமாகிவிடுகிறது. ராஜா கேட்டு அனுப்பியதற்கு, “ஆவணி மூலத்தன்று குதிரைகள் வரும்” என்று பதில் போகிறது. வந்தன. சிவபெருமானே குதிரை வியாபாரியாக ஓட்டிக்கொண்டு வந்தார். பாண்டியன் பார்த்துப் பூரித்துப் போனான். அன்று ராத்திரி பரிகள் எல்லாம் நரிகளாக மாறி ஊளையிட்டு, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டுக் காட்டுக்கு ஓடிவிட்டன.

பாண்டியன் பண்ணின பிசகு என்ன? நிறம் பார்த்தான், சுழி பார்த்தான், நடை பார்த்தான். “இதன் தாய் எது, தகப்பன் எது?” என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பதில் சொல்லச் சொக்கநாதப் பெருமானே கொஞ்சம் யோசித்திருப்பார்.

பாண்டிய நாட்டுக்கும் குதிரைக்கும் அவ்வளவு ராசி இல்லை என்றுதான் தோன்றுகிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்துபோன வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அரபுக் கடலைத் தாண்டி வருஷா வருஷம் ஆயிரக் கணக்கில் குதிரைகள் வந்து இறங்குமாம். விலையோ கொள்ளை விலை. ஆனால் ஒரு வருஷத்துக்குள் பெரும்பாலானவை செத்துப் போகுமாம். லாடம் கட்டத் தெரிந்தவன் இல்லை, தீனி போடத் தெரிந்தவன் இல்லை. நல்ல ஆண் குதிரையையும் நல்ல பெண் குதிரையையும் சேர்த்தாலும் கோணல் காலோடு நோஞ்சான் குட்டிதான் பிறக்கிறது என்று வேறு சொல்லியிருக்கிறார். நம்முடைய ஈரமான மண்ணும் புல்லும் குதிரைக்கு ஏற்றவை அல்ல. அதனால்தானோ என்னவோ, நம் கிராமத்துக் குயவர்கள் மண்ணிலேயே குதிரை செய்து அய்யனாருக்கு நிறுத்திவிட்டார்கள். இதே ஜில்லாவில் கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் குளமங்கலத்தில், முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் நிலையில் ஒரு குதிரைச் சிலை இருக்கிறது. 33 அடி உயரம் என்று சொல்கிறார்கள். மாசி மகத்தன்று பார்த்தால் குதிரையே தெரியாது. தலையிலிருந்து கால் வரை காகிதப் பூமாலைதான் தெரியும். அந்தக் குதிரை தீனி கேட்காது, காலும் நோகாது.

குதிரைக்கு ஜாதகம் எழுதினவர்கள்

பாண்டியன் கேட்க மறந்த கேள்வியை இங்கிலாந்து தேசத்தார் மறக்காமல் கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல் புஸ்தகமும் போட்டுவிட்டார்கள். 1791-ல் ஜேம்ஸ் வெதர்பி என்பவர் பந்தயக் குதிரைகளின் வம்சாவளிப் பதிவேட்டை முதன்முதலாக வெளியிட்டார். ‘ஜெனரல் ஸ்டட் புக்’ என்று பெயர். ‘தரோபிரெட்’ என்று உலகம் முழுவதும் சொல்கிறார்களே, அந்த உயர்ந்த ஜாதிப் பந்தயக் குதிரை எதுவானாலும் அதன் பாட்டன் முப்பாட்டன் பெயர்களைப் பிடித்துக்கொண்டே போனால் இந்தப் பதிவேட்டில் போய் முட்ட வேண்டும். இன்றைக்கும் பதிவு இல்லாத குதிரை எவ்வளவு வேகமாக ஓடினாலும், பெரிய பந்தயங்களில் அதற்கு இடம் கிடையாது.

இந்த ஜாதியின் ஆதி புருஷர்கள் மூன்று பேர். பயர்லி டர்க், டார்லி அரேபியன், கடால்பின் அரேபியன் என்ற மூன்று கிழக்கு நாட்டு ஆண் குதிரைகள். இவற்றில் டார்லி அரேபியன் 1704-ல் அலெப்போ நகரத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறி வந்தது. ‘எக்லிப்ஸ்’ என்ற பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1764-ல் சூரிய கிரகணத்தன்று பிறந்து, ஓடின 18 பந்தயத்திலும் ஜெயித்த மகா வீரன். அவன் டார்லி அரேபியனின் பேரனுக்குப் பேரன் வகை.

மூன்று தகப்பன்மார் பெயரைத்தான் எல்லாப் புஸ்தகங்களும் முதலில் சொல்கின்றன. ஆனால், வாசகிகளே, குதிரை வியாபாரிகள் காதோடு காதாகப் பேசிக்கொள்வது வேறு. அவர்கள் கணக்கில் குடும்பம் என்றால் தாய் வழிதான்.

காரணம் சாதாரணமானது. பெயர் பெற்ற ஆண் குதிரை ஒன்று ஒரே பருவத்தில் நூற்றுக்கு மேற்பட்ட குட்டிகளுக்குத் தகப்பன் ஆகிவிடும். பெண் குதிரையோ பதினொரு மாதம் சுமந்து, வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். ஆகையால் ஒரே தகப்பனுக்குப் பிறந்த குட்டிகளை அண்ணன் தங்கை என்றே யாரும் சொல்வதில்லை. ஊரெல்லாம் உறவாகிவிடுமே! ஒரே தாய் வயிற்றில் பிறந்தால்தான் உடன்பிறப்பு. ஏலத்துக்கு வரும் குட்டிக்கு ஒரு பக்கத்தில் குலவரலாறு அச்சடிப்பார்கள். அதில் ‘முதல் தாய்’, ‘இரண்டாம் தாய்’, ‘மூன்றாம் தாய்’ என்று அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி வரிசையில்தான் குடும்பக் கதை போகும். அந்தக் குடும்பத்தில் பெரிய பந்தயம் ஜெயித்தவர்களின் பெயரைத் தடித்த எழுத்தில் போடுவார்கள். வாங்க வந்தவர் மற்ற விவரங்களைப் படிக்கிறாரோ இல்லையோ, தடித்த எழுத்து எத்தனை என்று எண்ணிவிடுவார்.

19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவில் புரூஸ் லோ என்று ஒருவர் இருந்தார். பதிவேட்டை வைத்துக்கொண்டு, எல்லாக் குதிரைகளையும் தாய், தாயின் தாய் என்று பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போய், ஆதியில் இருந்த சில பெண் குதிரைகளில் கொண்டுபோய் நிறுத்தினார். எந்தப் பெண்ணின் சந்ததி இங்கிலாந்தின் பெரிய பந்தயங்களில் அதிகமாக ஜெயித்திருக்கிறதோ, அந்தக் குடும்பத்துக்கு 1 என்று எண் கொடுத்தார், அடுத்ததற்கு 2. இப்படி 43 குடும்பங்கள். அவர் காலமான பிறகு 1895-ல் அது புஸ்தகமாக வந்தது. அதில் அவர் கண்ட ஜோசியம் பலிக்கவில்லை. ஆனால் குடும்ப எண்கள் மட்டும் இன்றுவரை வழக்கில் இருக்கின்றன. நம்முடைய கோத்திரம் மாதிரி என்று சொல்லலாம். கோத்திரம் தகப்பன் வழியில் வரும், இது தாய் வழியில் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

2012-ல் விஞ்ஞானிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். குறைந்த தூரத்தில் பாய்ச்சல் காட்டும் சக்தியோடு சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவை எடுத்துக்கொண்டு, அது இந்தக் குதிரை ஜாதிக்குள் எப்படி நுழைந்தது என்று பழைய குதிரைகளின் எலும்பு வரையில் சோதித்தார்கள். அரேபியாவிலிருந்து வந்த மகாராஜாக்கள் கொண்டுவந்த சொத்து அல்ல அது என்று தெரிந்தது. ஏறக்குறைய 300 வருஷங்களுக்கு முன் பிரிட்டனிலேயே இருந்த ஒரு பெண் குதிரையிடமிருந்து வந்தது என்று முடிவு சொன்னார்கள். பெயர் தெரியாத அந்த அம்மாளுக்கு யாரும் சிலை வைக்கவில்லை.

அரண்மனையில் ஒரு வம்சாவளி வழக்கு

தாய் வழியைப் பற்றிய இந்தப் பேச்சு புதுக்கோட்டை அரண்மனைக்குள்ளேயே ஒரு தடவை புகுந்து பெரிய கலவரம் செய்தது. அது குதிரையைப் பற்றியது அல்ல; குதிரைப் பந்தயத்தில் பிரியமுள்ள ஒரு ராஜாவைப் பற்றியது.

மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1875-ல் பிறந்தவர். 1886-ல் பட்டத்துக்கு வந்தவர். மேல்நாட்டு நாகரிகத்தில் ஊறியவர். 1915-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போனவர் அங்கே மெல்போர்னைச் சேர்ந்த மோலி பிங்க் என்ற பெண்ணைச் சந்தித்தார். அந்த வருஷம் ஆகஸ்டு 10-ஆம் தேதி இருவருக்கும் பதிவுத் திருமணம் நடந்தது. ராஜா சந்தோஷமாக மனைவியை ஊருக்கு அழைத்துவந்தார். ஊர் வரவேற்றதோ இல்லையோ, பிரிட்டிஷ் சர்க்கார் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மோலியை ராணி என்று ஒப்புக்கொள்ள முடியாது என்றார்கள். கர்ப்பமாக இருந்த அந்தப் பெண் திடீரென்று நோயில் விழுந்தாள். அரளி விஷம் என்று சந்தேகப்பட்டார்கள். பிழைத்தது பெரிய காரியம். சில மாதங்களுக்கு மேல் புதுக்கோட்டையில் இருக்க முடியவில்லை. 1916-ல் இருவரும் சிட்னிக்கே திரும்பிவிட்டார்கள். ஜூலை மாதம் பிள்ளை பிறந்தான். பிறந்த ஊரின் பெயரையும் சேர்த்து மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயர் வைத்தார்கள்.

சிட்னியில் ராஜா பந்தயக் குதிரைகள் வாங்கி ஓடவிட்டார். அவருக்கு அங்கே தாய் வழி, தகப்பன் வழி எல்லாம் நன்றாக மனப்பாடம் ஆகியிருக்கும். ஒரு குட்டியின் தாய் வேறு தேசத்தில் பிறந்தவள் என்றால் விலை ஏறுமே தவிர இறங்காது. ஆனால் தன் சொந்தப் பிள்ளையின் விஷயத்தில் நேர்மாறாக நடந்தது. அவர் ஊருக்குத் திரும்பி ஆளவில்லை. 1928-ல் பாரிஸ் நகரத்தில் காலமானார். அந்தப் பிள்ளைக்குப் பட்டம் கிடைக்கவில்லை. தாய் ஐரோப்பிய வம்சம் என்ற ஒரே காரணம் போதுமானதாக இருந்தது. தொண்டைமான் குடும்பத்திலேயே வேறு கிளையிலிருந்து ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமானைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது ராஜாவாக இருந்தவர் அவர்தான்.

மோலி அதற்குப் பிறகும் நெடுங்காலம் ஐரோப்பாவில் வாழ்ந்து 1967-ல் இறந்தாள். என் அபிப்பிராயம், ராஜாவைக் காட்டிலும் கதையில் அதிகமாக நஷ்டப்பட்டவள் அவள்தான். ராஜாவுக்கு ராஜா என்ற பெயராவது கடைசி வரை இருந்தது.

சரி, சிட்னிக்குப் போவோம். ராஜா அங்கே குடியிருந்த காலத்திலேயே அந்த நகரத்தின் பெரிய பந்தய மைதானத்துக்கு ராண்ட்விக் என்று பெயர். அதே மைதானத்தில், ராஜா போய் நூறு வருஷம் ஆனபோது, உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தாள் ஒருத்தி.

கண் சிமிட்டினாள்

‘குதிரை ஓடியது’ என்று எழுதத்தான் இலக்கணம் சொல்லும். ஆனால் விங்க்ஸைப் பற்றி எழுதும்போது ‘அது’ என்று எழுதக் கை வரவில்லை. ‘அவள்’ என்றே எழுதுகிறேன். பண்டிதர்கள் மன்னிக்க வேண்டும்.

2011-ஆம் வருஷம் செப்டம்பர் 14-ஆம் தேதி, சிட்னிக்கு வடக்கே ஹண்டர் பள்ளத்தாக்கில் ஒரு குதிரைப் பண்ணையில் பிறந்தாள். தகப்பன் ‘ஸ்ட்ரீட் க்ரை’. அயர்லாந்தில் பிறந்து, 2002-ல் துபாய் உலகக் கோப்பையை ஜெயித்தவன். அமெரிக்காவில் ஓடின 20 பந்தயத்தில் 19 ஜெயித்தாளே ஜென்யாட்டா, அவளுக்கும் இவனே தகப்பன். தாய் நியூஜீலந்தில் பிறந்த ‘வேகஸ் ஷோகேர்ல்’. அதாவது வேகஸ் நகரத்து மேடை நாட்டியக்காரி. 35 பந்தயத்தில் ஓடி 7 ஜெயித்தவள். மோசமில்லை, பிரமாதம் என்றும் சொல்வதற்கில்லை. நாட்டியக்காரியின் மகளுக்குக் கண் சிமிட்டுவதைக் குறிக்கும் பெயராக விங்க்ஸ் என்று வைத்தார்கள்.

ஒரு வயதுக் குட்டியாக 2013 ஜனவரியில் ஏலத்துக்கு வந்தாள். 2,30,000 ஆஸ்திரேலிய டாலருக்குப் போனாள். நம் பணத்தில் அப்போது ஏறக்குறைய ஒன்றேகால் கோடி ரூபாய். நமக்குத் தலை சுற்றுகிறது. அந்தச் சந்தையில் அது நடுத்தர விலைதான். வாங்கினவர்கள் சிலர் கூட்டாகச் சேர்ந்து வாங்கினார்கள். பழக்குவதற்கு கிறிஸ் வாலர் என்ற டிரெயினரிடம் ஒப்படைத்தார்கள். இவரும் நியூஜீலந்துக்காரர். பேட்டி கொடுக்க வந்தால் கண் கலங்கிவிடும் சுபாவம்.

ஆரம்பம் அப்படி ஒன்றும் ராஜ நடையாக இல்லை. முதல் பத்துப் பந்தயத்தில் நாலுதான் ஜெயித்தாள். மூன்றில் இரண்டாவது வந்தாள். மற்ற மூன்றில் பெயர் சொல்லும்படி வரவில்லை. 2015 ஏப்ரல் 11-ஆம் தேதி ராண்ட்விக் மைதானத்தில், பெண் குதிரைகள் மட்டும் ஓடும் ‘ஓக்ஸ்’ பந்தயம். அதிலே ‘கஸ்ட் ஆஃப் விண்ட்’ என்ற இன்னொரு பெண்ணிடம் தோற்று இரண்டாவது வந்தாள்.

அவள் தோற்றது அதுவே கடைசி.

அடுத்த மாதம் குவீன்ஸ்லாந்தில் ஒரு பந்தயம். கடைசி வளைவு திரும்பும்போது விங்க்ஸ் எல்லாருக்கும் பின்னால் கிடந்தாள். ஒழிந்தது என்று நினைத்தார்கள். நேர்ப்பாதைக்கு வந்ததும் ஒவ்வொருவராகத் தாண்டி, எல்லையை முதலாவதாகக் கடந்தாள். இது 2015 மே 16-ல் நடந்தது. அன்று தொடங்கிய வெற்றி நான்கு வருஷங்கள் ஓயவில்லை. 33 பந்தயம், 33 வெற்றி. குளமங்கலம் குதிரையின் அடிக்கணக்கும் இதுவும் ஒன்றாக இருப்பது தற்செயல்தான் என்றாலும், எழுதாமல் விட மனம் வரவில்லை.

அவள் ஓட்டத்தில் என்ன விசேஷம் என்று ஆராய்ந்தவர்கள் காலடியை எண்ணினார்கள். பந்தயக் குதிரை முழு வேகத்தில் ஐந்து விநாடிக்கு ஏறக்குறைய 12 பாய்ச்சல் பாயும். விங்க்ஸ் 14 பாய்ச்சல் பாய்ந்தாள். அடி எட்டிப் போட்டால் எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை கூடினால் அடி சுருங்கும் என்பதுதான் உலக வழக்கம். இவளுக்கு அடியும் சுருங்கவில்லை. பாயும் குதிரை ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுத்தான் விடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கடைசி ஃபர்லாங்கில் மற்றவர்கள் தளர்ந்து போகும் இடத்தில், இவள் அடி போட்ட வேகம் குறையாமல் வந்தாள். பார்க்கிறவர்களுக்கு இவள் திடீரென்று பறப்பதாகத் தோன்றும். நிஜத்தில் மற்றவர்கள்தான் சோர்ந்து கொண்டிருப்பார்கள்.

மெல்போர்னில் மூனி வேலி என்ற மைதானத்தில் ‘காக்ஸ் பிளேட்’ என்று ஒரு பந்தயம். 2,040 மீட்டர். 1922 முதல் நடப்பது. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடுவார்கள். பெண்ணுக்குச் சுமையில் இரண்டு கிலோ சலுகை உண்டு. இதைக் குறை சொல்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 2016-ல் ஹார்ட்னெல் என்ற ஆண் குதிரையோடு இவளுக்குப் பெரிய போட்டி என்று பத்திரிகைகள் மாதக் கணக்கில் எழுதின. போட்டி நடந்தது. விங்க்ஸ் எட்டுக் குதிரை நீளம் முன்னால் வந்து ஜெயித்தாள். அந்தப் பந்தயத்தில் அவ்வளவு இடைவெளியில் அதுவரை யாரும் ஜெயித்ததில்லை. எட்டு நீளத்தில் இரண்டு கிலோவுக்கு எவ்வளவு பங்கு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 2015, 2016, 2017, 2018 என்று நான்கு வருஷமும் அவளே வென்றாள். 2017-ல் எடுத்துக்கொண்டது 2 நிமிஷம் 2.94 விநாடி, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம். அதற்கு முன் மூன்று தடவை ஜெயித்தவன்கூட கிங்ஸ்டன் டவுன் ஒருவன்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பெரிய வெற்றிகள் அல்ல. 2017 ஆகஸ்டில் ராண்ட்விக்கில் நடந்த ‘வார்விக் ஸ்டேக்ஸ்’. வெறும் 1,400 மீட்டர். கதவு திறந்ததும் மற்றவர்கள் பாய்ந்தார்கள். விங்க்ஸ் ஏனோ பின் தங்கிவிட்டாள். பல நீளம் போய்விட்டது. மேலே இருந்த ஜாக்கி ஹ்யூ போமன் சவுக்கை எடுத்து அமர்க்களம் பண்ணவில்லை. அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக நிதானத்துக்குக் கொண்டுவந்தார். முன்னால் ஓடிக்கொண்டிருந்தவள் ‘ஃபாக்ஸ்பிளே’, விங்க்ஸ் இருந்த அதே லாயத்துப் பெண். பழக்கினவரும் அதே வாலர்தான். எல்லைக் கம்பத்தில் இரண்டு மூக்கும் ஒன்றாகத் தெரிந்தன. விங்க்ஸின் மூக்கு கொஞ்சம் முன்னால் இருந்தது. அடுத்த வருஷம் அந்தப் பந்தயத்துக்கே ‘விங்க்ஸ் ஸ்டேக்ஸ்’ என்று பெயர் மாற்றினார்கள். தன் பெயர் வைத்த பந்தயத்தில் தானே ஓடித் தானே ஜெயித்தாள். அது தொடர்ச்சியாக 26-ஆவது வெற்றி. 25-க்கு 25 ஜெயித்துத் தோல்வியே தெரியாமல் 2013-ல் ஓய்வுபெற்ற பிளாக் கேவியர் என்ற இன்னொரு ஆஸ்திரேலியப் பெண்ணின் எண்ணிக்கையை அன்று தாண்டினாள்.

2019 ஏப்ரல் 13. மறுபடியும் ராண்ட்விக். நான்கு வருஷங்களுக்கு முன் கடைசியாகத் தோற்ற அதே மைதானம். 43,000-க்கு மேல் ஜனங்கள். விங்க்ஸ் தோற்கமாட்டாள் என்பது உலகத்துக்கே தெரிந்த பிறகு பந்தயம் கட்டி என்ன லாபம்? ஒரு டாலர் கட்டினால் சில காசுதான் மேலே கிடைக்கும். அப்படியும் கட்டினார்கள், ஜெயித்த சீட்டைக் காசாக்காமல் ஞாபகார்த்தமாகப் பெட்டியில் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. விங்க்ஸ் ஓடினாள், ஜெயித்தாள், ஓய்வு பெற்றாள். மொத்தம் 43 பந்தயம், 37 வெற்றி. அதில் 25 முதல் தரப் பந்தயங்கள். பரிசுப் பணம் 2 கோடியே 64 லட்சம் டாலர்.

இந்த இடத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் தொண்டையைக் கனைத்துக்கொள்வது கேட்கிறது. ரேஸ் என்ற சொல்லைக் கேட்டாலே தாலிச் சரட்டைப் பிடித்துக்கொண்ட பெண்கள் சென்னையில் எத்தனையோ பேர். கிண்டி மைதானத்துக்குச் சனிக்கிழமை போன புருஷன் திங்கட்கிழமை மளிகைக் கடைக்காரரைக் கண்டு ஒளிந்த கதைகளுக்குப் பஞ்சமில்லை. 1974-ல் தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தையே ஒழிக்கச் சட்டம் வந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 1996-ல், இது திறமையைச் சார்ந்த ஆட்டம், சூதாட்டம் அல்ல என்று தீர்ப்பாயிற்று. திறமை இருப்பது வாஸ்தவம். குதிரைக்கு இருக்கிறது, ஜாக்கிக்கு இருக்கிறது. வளையல் அடகு வைத்துப் பணம் கட்டினவருக்கு எவ்வளவு இருக்கிறது என்று அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும். நிற்க.

நம் தேசத்துப் பந்தய சரித்திரத்திலும் முதல் பக்கம் ஒரு பெண்ணுடையதுதான். 1943-ல் பம்பாய் மகாலக்ஷ்மி மைதானத்தில் முதன்முதலாக நடந்த இந்தியன் டெர்பியை ஜெயித்தது ‘பிரின்சஸ் பியூட்டிஃபுல்’. பரோடா மகாராஜாவின் குதிரை. மேலே உட்கார்ந்து ஓட்டினவர் எட்கர் பிரிட், ஆஸ்திரேலியாக்காரர். அந்த நாட்டுக்கும் நமக்கும் குதிரை உறவு பழையதுதான். வெள்ளைக்காரர் காலத்தில் நியூ சௌத் வேல்ஸ் பிரதேசத்திலிருந்து பட்டாளத்துக்கான குதிரைகள் கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கின. வேல்ஸிலிருந்து வந்ததால் ‘வேலர்’ என்று அவற்றுக்குப் பெயர்.

தாயானபின்

ஆண் குதிரை ஓய்வுபெற்றால் ராஜ போகம். பெண் குதிரை ஓய்வுபெற்றால் அவளுக்கு இரண்டாவது வேலை தொடங்குகிறது. அது முதல் வேலையைவிட அபாயமானது. மைதானத்தில் தோற்றால் பணம்தான் போகும்.

2020 அக்டோபரில் விங்க்ஸுக்குப் பிரசவம். பெண் குட்டி, பிழைக்கவில்லை. தாயையும் தீவிர சிகிச்சையில் வைத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியா முழுவதும் அந்தச் செய்தியைத் தங்கள் வீட்டுத் துக்கம் போலப் படித்தார்கள். பிளாக் கேவியர் விஷயம் இன்னும் மோசம். ஓட்டத்தில் ஒரு தடவைகூடத் தோற்காத அவள், 2024 ஆகஸ்டில், குட்டி ஈன்ற சமயத்தில் குளம்பு நோய் கண்டு இறந்தாள். பதினெட்டு வயது நிறைவதற்கு ஒரு நாள் பாக்கி.

விங்க்ஸுக்கு உடம்பு தேறியது. ‘பியரோ’ என்ற குதிரையோடு சேர்த்தார்கள். அவன் 2012-ல் இரண்டு வயதுக் குட்டிகளுக்கான பெரிய பந்தயங்களையெல்லாம் வாரிக்கொண்டவன். 2022 அக்டோபரில் மறுபடி ஒரு பெண் குட்டி பிறந்தது. இந்தத் தடவை தாயும் சேயும் சௌக்கியம்.

2024 ஏப்ரலில், சிட்னியில் நடந்த ஈஸ்டர் ஏலத்துக்கு அந்தக் குட்டி வந்தாள். ஒரு அடிகூடப் பந்தயத்தில் வைக்காத குட்டி. அவள் ஓடுவாளா, மாட்டாளா, யாருக்கும் தெரியாது. ஏலப் பட்டியலில் ‘முதல் தாய்’ என்ற இடத்தில் விங்க்ஸ் என்று அச்சாகியிருந்தது, அது போதும். ஒரு கோடி டாலரில் சுத்தியல் விழுந்தது. அதாவது ஏறக்குறைய 55 கோடி ரூபாய். தாயை வாங்கின விலையைப் போல நாற்பது மடங்குக்கு மேல். ஒரு வயதுப் பெண் குட்டிக்கு ஆஸ்திரேலியாவில் அதுவரை அவ்வளவு விலை போனதில்லை.

வாங்கினவர் யார் தெரியுமா? டெபி கெபிடிஸ் என்ற அம்மாள். விங்க்ஸின் சொந்தக்காரர்களில் ஒருவர் அவர். குட்டியை வெளியில் விட மனம் வராமல், பங்காளிகளுக்கு அவரவர் பங்கைக் கணக்குத் தீர்த்துக் கொடுத்துவிட்டு, மகளைத் தாய் வீட்டோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.